சம்பளமில்லாத வேலைக்குப் போன மகள்

மகள் ஜெர்மனிக்குப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" சம்பளம் கிடையாது. தங்க இடம், சாப்பாடு, இன்ஷூரன்ஸ், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், அவ்வளவுதான். ஒரு வருஷம் முதியோர் இல்லத்தில் சேவை என்று சொன்னதற்கு, "ஏன், நம்ம திருவண்ணாமலையில கிழவன் கிழவி இல்லையா?" என்றார் என் அக்கா.

ஜெர்மனி அரசு 2008-ல் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 28 வயதுவரை உள்ள அந்நாட்டுப் பிள்ளைகள் இந்தியா போன்ற நாடுகளுக்கு வந்து தொண்டு செய்யலாம். 2013 முதல் நம் பிள்ளைகள் அங்கே போகவும் வழி செய்தார்கள்; மகள் போனதும் அந்த வழியில்தான். அங்கே கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிலாக முதியோர் இல்லங்களில் வேலை பார்த்த இளைஞர்கள் ஏராளம். 2011-ல் அந்தக் கட்டாயம் நின்றதும் ஆள் பற்றாக்குறை வரும் என்று தேசியத் தன்னார்வச் சேவை ஒன்றை உருவாக்கினார்கள். இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் சேர்கிறார்கள். தேவை அவர்களுக்கும் இருந்தது என்பதை அக்காவுக்குப் புரியவைக்க ஒரு தீபத் திருவிழா தாண்டிவிட்டது.

பிள்ளையைப் பிரிந்த தாய் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1896 செப்டம்பர் 1-ம் தேதி இங்கே வந்து இறங்கிய 16 வயது வேங்கடராமனை, பின்னாளில் ரமண மகரிஷி ஆனவரை, அழைத்துப் போக, 1898-ல் இங்குள்ள பவழக்குன்றுக்கு வந்தார் அவர் தாய் அழகம்மாள். நாள்கணக்கில் அழுதும் மகன் அசையவில்லை. 1916-ல் தாயே மகனோடு தங்க வந்துவிட்டார். ரமணாஸ்ரமத்தில் மாத்ருபூதேஸ்வரர் சந்நிதி அவர் சமாதி மேல்தான் எழும்பியது. மகள் ஜெர்மனியில் இருந்த வருஷம் முழுக்க, ஆஸ்ரமத்துக்குப் போகும்போதெல்லாம் என் மனைவி அந்தச் சந்நிதியில்தான் அதிக நேரம் நின்றாள்.

எங்கள் மகள் திரும்பி வந்தாள். வந்த மூன்றாம் நாள், யாரும் சொல்லாமலே, என் அம்மாவின் கால்களை வெந்நீரில் ஊறவைத்து, துண்டால் ஒற்றி, நகம் வெட்டிவிட்டாள். தடித்துப் போன பெருவிரல் நகத்தை ஒரேயடியாக வெட்டாமல் ஓரம் ஓரமாக எடுத்தாள். "யாருடி சொல்லிக்கொடுத்தது?" என்றார் அம்மா. இல்லத்து நர்ஸம்மா பேரைச் சொன்னாள். அம்மா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை.

காய்ச்சலில் படுத்த மகளுக்குச் சூப் வைத்துக் கொடுத்தவர், முதல் பனியில் வழுக்காமல் நடக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று நன்றி சொல்ல வேண்டியவர்கள் அங்கே நிறைய. இங்கேயும், மலையில் மரக்கன்று நடவும் கோடையில் காட்டுத்தீ அணைக்கவும் நம்மூருக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை டீக்கடையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம். அவர்களிடம் சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு என்ன செலவு?

நர்ஸம்மாவுக்குப் பால்கோவா அனுப்பலாம் என்றாள் மனைவி. பால் பண்டத்தை அங்கே பார்சலில் விடமாட்டார்களாம். கைமுறுக்குக்கு அரிசி ஊறப்போட்டிருக்கிறாள். வெண்ணெய் சேர்க்காமல், எண்ணெயில் மட்டும்.