இம்ப்ரெஸாவின் அடிவயிற்றில்

ஜப்பானின் டி1 கிராண்ட் பிரீ டிரிஃப்ட் தொடரில் 2006-ஆம் ஆண்டு சாம்பியன் நோபுஷிகே குமகுபோ. ஃபுகுஷிமாவில் உள்ள எபிசு சர்க்யூட்டை நடத்துபவர். பட்டத்தை வெல்ல அவர் ஓட்டிய கார் எது தெரியுமா? சுபாரு இம்ப்ரெஸா!

டிரிஃப்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த இடத்தில் புருவம் உயர்ந்திருக்கும். காரைப் பக்கவாட்டில் வழுக்கவிட்டுப் புகை கிளப்ப, பின் சக்கரங்கள் மட்டுமே சக்தியோடு சுழல வேண்டும். டி1 விதியும் அதைத்தான் கேட்கிறது. முன் சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால், சறுக்கும் காரை அவை நேராக்கிக்கொண்டே இருக்கும். இம்ப்ரெஸாவோ நான்கு சக்கரங்களிலும் இழுத்து, ராலிப் பந்தயங்களின் சேற்றிலும் பனியிலும் பேர் வாங்கிய கார். அந்தப் பெருமையையே கழற்றி வைத்துவிட்டல்லவா பட்டம் வென்றிருக்கிறார்கள்! இம்ப்ரெஸாவைப் பின்வீல் டிரைவ் ஆக்குவது எப்படி? கார் லிஃப்டில் ஏறியாயிற்று, வாருங்கள் அடியில் போய்ப் பார்ப்போம். தலை பத்திரம், கியர் ஆயில் சொட்டும்.

நிமிர்ந்து பார்த்ததுமே ஒரு நல்ல செய்தி. இன்ஜின் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கிறது, அதன் முதுகோடு ஒட்டினாற்போல கியர்பாக்ஸ். முன் சக்கரங்களுக்கான டிஃபரன்ஷியல் தனியாக எங்கும் இல்லை, கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஐந்து கியர் பெட்டியைப் பிரித்தால் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வெளியே வரும்: நடுவில் துளையுள்ள ஒரு தண்டு, அந்தத் துளைக்குள் இன்னொரு தண்டு! வெளித்தண்டு சக்தியைப் பின்னால் கொண்டுபோய், பெட்டியின் வால்பகுதியில் இருக்கும் சென்டர் டிஃபரன்ஷியலிடம் கொடுக்கிறது. அது சக்தியை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு பங்கு உள்தண்டு வழியாக முன்னால் திரும்பி வருகிறது. இன்னொரு பங்கு ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பிடித்துப் பின்னால் போகிறது. என்ன அழகான ஏற்பாடு! பின்பக்கம் எல்லாமே தயாராக இருப்பதால், புதிதாக ஒரு பின் அச்சைக் கட்ட வேண்டிய வேலையே இல்லை. எடுத்தால் போதும்.

எடுப்பதில்தான் சூட்சுமம். பழைய மாடல்களில் முன் ஆக்சிலையும் கியர்பாக்ஸையும் இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஸ்பிரிங் பின். பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டினால் வெளியே வந்துவிடும், ஆக்சிலும் உருவிக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் உருவியாயிற்று, வேலை முடிந்தது என்று ஸ்டார்ட் செய்து கியர் போட்டால்? கார் ஒழுங்காக நகராது! தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோல, டிஃபரன்ஷியலும் எதிர்ப்பு இல்லாத பக்கம்தான் சுழலும். முன்னால் சுமை எதுவும் இல்லாததால் சுழற்சி முழுக்க அங்கே போய் வீணாகும். பின் சக்கரங்களுக்குக் கிடைப்பது, சென்டர் டிஃபரன்ஷியலோடு இருக்கும் விஸ்கஸ் கப்ளிங் இழுத்துக் கொடுக்கும் கொஞ்சநஞ்சம்தான். அப்படியே விரட்டினால் அந்தக் கப்ளிங் சூடேறித் தீய்ந்துவிடும்.

அதனால் பெட்டியின் வால்பகுதியைக் கழற்றி, சென்டர் டிஃபரன்ஷியலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்பூல் என்கிற கட்டி இரும்பை வைக்கிறார்கள். பிரிப்பது, பங்கு போடுவது என்ற பேச்சே அதனிடம் கிடையாது. வந்த சக்தி மொத்தமும் பின்னால்! முன் டிஃபரன்ஷியலின் கிரவுன் வீல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். அதையும் பிடுங்கிவிடுகிறவர்கள் உண்டு.

இப்போது சக்கரத்தின் பக்கம் வாருங்கள், இதுதான் என்னைத் துள்ள வைத்த இடம். முன் ஆக்சிலை முழுசாகத் தூக்கி எறிந்துவிட முடியாது. சக்கரத்தைச் சுழற்றுவதோடு அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஹப்பின் துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுனியில் பெரிய நட்டு ஒன்று இறுகியிருக்கிறதே, அந்த இறுக்கம்தான் வீல் பேரிங்கின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ஆக்சில் இல்லாமல் வண்டியை உருட்டினால் பேரிங் பிரிந்துபோகும், சக்கரமே கையோடு வந்துவிடும். ஆகவே ஆக்சிலைக் கழற்றி, வெளி ஜாயிண்டின் கிண்ணத்தையும் அதன் தண்டையும் மட்டும் எடுத்து, திரும்ப ஹப்பில் செருகி, நட்டை அதே பழைய இறுக்கத்துக்கு முறுக்குகிறார்கள். எதையும் இழுக்காத, எதனோடும் சேராத அந்தக் குட்டைத் துண்டுதான் முன் சக்கரத்தைக் காப்பாற்றுகிறது. காருக்கு வெளியே நின்று பார்க்கிற யாருக்கும் அது கண்ணில் படாது.

ஆக்சில் போன இடத்தில் ஒரு பரிசும் கிடைக்கிறது. ஸ்டியரிங்கை ஓரளவுக்கு மேல் ஒடித்தால் ஆக்சில் ஜாயிண்ட் முட்டும் என்ற கவலை இனி இல்லை. ஹப்பைத் தாங்கித் திரும்பும் நக்கிளை மாற்றிச் சக்கரத்தைத் தாராளமாகத் திரும்ப விடலாம். டிரிஃப்ட் கார்களின் முன் சக்கரங்கள் மூர்க்கமாக ஒடிந்து நிற்கும் அந்தக் கோலத்துக்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம்.

இதெல்லாம் கராஜ்காரர்களின் குறும்பு என்று நினைத்துவிடாதீர்கள். நிஸான் கம்பெனியே செய்திருக்கிறது! நான்கு சக்கர இயக்கத்துக்குப் பேர்போன ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்33-ஐ 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனபோது, அதைப் பின்வீல் டிரைவாக மாற்றித்தான் இறக்கினார்கள். இரண்டு கார்கள் ஓடின. ஒன்று பாதியில் நின்றது, மற்றொன்று ஒட்டுமொத்தத்தில் 10-ஆம் இடம். பந்தய அனுமதிக்காகச் சாலையில் ஓடும் கார் ஒன்றும் கட்ட வேண்டியிருந்தது, கட்டினார்கள். உலகத்தில் அப்படி ஒரே ஒரு கார்தான். அகன்ற தோள்களோடு அது இன்றும் ஜப்பானின் ஸாமாவில் நிஸானின் பழைய கார்ச் சேகரிப்பில் நிற்கிறது. ஒரு நாள் அதன் அடியிலும் படுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் தீராத ஆசை!

பின்னால் வந்த ஜிடி-ஆர் ஆர்35-இல் வேடிக்கை இன்னும் கூடுதல். இன்ஜின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால். சக்தி ஒரு ஷாஃப்டில் பின்னால் போய், முன் சக்கரங்களுக்கான பங்கு மட்டும் இரண்டாவது ஷாஃப்டில் அத்தனை தூரமும் திரும்பி வருகிறது. அப்படிப்பட்ட காரை 1,380 குதிரைத்திறனுக்கு ஏற்றி, அந்தச் சக்தி முழுவதையும் பின் சக்கரங்களுக்கே கொடுத்து, 2016-இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைரா விமான நிலைய ஓடுபாதைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டியரிங்கில் மசாதோ கவபாதா. 30 டிகிரி கோணத்தில் காரைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டபோது வேகம் மணிக்கு 304.96 கிலோமீட்டர். மிக வேகமான டிரிஃப்ட் என்று அது கின்னஸில் ஏறியது. அதற்கு முந்தைய சாதனை 218 கிலோமீட்டரைக்கூடத் தொட்டிருக்கவில்லை!