வீட்டுச் சுவரில் பூஞ்சை: நீக்கும் முறை

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுச் சுவர்களில் ஓதம் ஏறுகிறது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலைப் போன்ற பெருமழைக்குப் பின் அது எளிதில் உலர்வதில்லை. ஈரத்தில் வளரும் பூஞ்சையின் நுண்வித்துகள் மூச்சுடன் உட்சென்று, ஆஸ்துமா நோயாளிகளுக்கு இளைப்பைத் தூண்டுகின்றன.

சுவரில் காணும் வெண்படலம் எல்லாம் பூஞ்சையன்று. தண்ணீர் தெளித்தால் கரைவது உப்பு. கரையாமல், மக்கிய வாடையுடன் கறுப்பாகவோ பச்சையாகவோ படர்வது பூஞ்சை.

தூய்மை செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஆஸ்துமா நோயாளிகள், புற்றுநோய் மருந்து பெறுவோர், சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோர், குழந்தைகள் ஆகியோர் வீட்டில் இருக்கலாகாது.

2. தூய்மை செய்பவர் என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்காப்புக் கண்ணாடி அணிந்து, சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.

3. உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் காற்றில் பரவும். சோப்பு நீரால் நனைத்துத் தேய்த்துத் துடைத்து, அன்றே உலர்த்துக.

4. பிளீச்சிங் பவுடருடன் கழிவறை கழுவும் அமிலத்தைக் கலக்கவே கூடாது. நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு வெளிப்படும்.

5. பூஞ்சை ஊறிய தலையணை, பஞ்சு மெத்தைகளை அப்புறப்படுத்துக.

கறையை நீக்கினாலும், அதன்மேல் வண்ணம் பூசினாலும், ஈரம் நீங்காவிடில் பூஞ்சை மீண்டும் வரும். கூரை ஒழுக்கை அடைத்திடுக. ஈர வலைகளை வீட்டுக்கு வெளியே உலர்த்துக. நனைந்த பொருள்களை 48 மணி நேரத்திற்குள் காய வைத்திடுக. அதன் பின்னும் இருமலோ இளைப்போ தொடர்ந்தால், தாமதியாமல் மருத்துவரை அணுகுக.