'கொடுத்தும் ஏன் படிக்கவில்லை?': ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ஒரு விடை

"உதவித்தொகை கொடுக்குறாங்க, விடுதி கொடுக்குறாங்க, இடஒதுக்கீடு கொடுக்குறாங்க. அப்படியும் உங்க பிள்ளைங்க ஏன் பாதியிலேயே நின்னுடுறாங்க?"

தேநீர்க் கடையிலும் பேருந்திலும் அலுவலக வாசலிலும் நாம் கேட்டுப் பழகிய கேள்வி இது. கேட்பவர் விடை தேடிக் கேட்பதில்லை. 'உங்களுக்குப் படிப்பு ஏறாது' என்ற விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார். கோபப்பட்டுப் பேச்சை முறித்துக்கொண்டு வருகிறோம். ஆனால் இந்தக் கேள்விக்கு முறையாக விடை சொல்ல ஒரு வழி உண்டு. நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதலில் படிக்கிற 'கண மொழி'யிலேயே அது இருக்கிறது.

வழக்கமான புள்ளிவிவர ஆய்வு எப்படிக் கேட்கும்? 'பிள்ளை படித்து முடிப்பதில் குடும்ப வருமானத்தின் பங்கு எவ்வளவு, உதவித்தொகையின் பங்கு எவ்வளவு, தாயின் படிப்பின் பங்கு எவ்வளவு?' என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து அளக்கும். அதிலும் பயன் உண்டு. ஆனால் ஒரு விவசாயியிடம் போய், 'நெல் விளைந்ததில் விதைக்கு எத்தனை விழுக்காடு, தண்ணீருக்கு எத்தனை விழுக்காடு?' என்று கேட்டால் சிரிப்பார். தண்ணீர் இல்லாவிட்டால் நல்ல விதையும் மக்கிப் போகும். விதை இல்லாவிட்டால் தண்ணீர் பாய்ச்சி என்ன பயன்? இரண்டும் சேர்ந்தால்தான் விளைச்சல்.

இந்த விவசாயியின் அறிவை ஓர் ஆய்வு முறையாக ஆக்கியவர் அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் ரேகின். 1987-இல் வெளிவந்த அவருடைய நூல் 'ஒப்பீட்டு முறை' பற்றியது. 'எந்தக் காரணம் எவ்வளவு?' என்பதை விட்டுவிட்டு, 'எந்தெந்த நிலைமைகள் சேர்ந்தால் இந்த விளைவு வருகிறது?' என்று அவர் கேட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கருவி, 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் வகுத்த தர்க்கக் கணிதம். 'உம்', 'அல்லது', 'இல்லை' என்ற மூன்று சொற்களில் அது நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் இவற்றையே வெட்டு, சேர்ப்பு, நிரப்பி என்று படிக்கிறோம்.

ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம். இது கற்பனை ஊர்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேர்ந்த நம் பிள்ளைகளைப் பற்றி மூன்றே கேள்விகள்: உதவித்தொகை நேரத்துக்கு வந்ததா? கல்லூரிக்குப் போய்வரப் பேருந்து இருந்ததா? விடுதியில் இடம் கிடைத்ததா? மூன்று கேள்விக்கும் ஆம், இல்லை என்று விடை எழுதினால் மொத்தம் எட்டு வரிசைகள் வரும். ஒவ்வொரு பிள்ளையையும் அவர் வரிசையில் எழுதி, பட்டம் முடித்தாரா, நின்றுவிட்டாரா என்று குறிக்கிறோம்.

உதவித்தொகையும் பேருந்தும் இருந்தவர்கள் முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகையும் விடுதியும் இருந்தவர்களும் முடித்துவிட்டார்கள். இவர்களில் சிலருக்குப் பேருந்து இருந்தது, சிலருக்கு இல்லை. ஆனால் விளைவு ஒன்றே. ஆகவே விடுதி வழியில் பேருந்து தேவைப்படவில்லை என்று அதை அடித்துவிடலாம். மற்ற வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். இப்போது கிடைக்கும் விடை: உதவித்தொகையும், அதனுடன் பேருந்து அல்லது விடுதியும்.

இந்த ஒரு வரியில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, படித்து முடிக்க ஒரே வழி என்று ஒன்று இல்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டாவது, உதவித்தொகை தேவையானது, ஆனால் போதுமானது அல்ல. முடித்தவர் அனைவரும் உதவித்தொகை பெற்றவர் என்ற கணத்துக்குள் இருக்கிறார்கள். ஆனால் உதவித்தொகை பெற்றவர் அனைவரும் முடித்தவர் என்ற கணத்துக்குள் இல்லை. 'உதவித்தொகை கொடுத்தும் ஏன் படிக்கவில்லை?' என்று கேட்பவர் தவறு செய்யும் இடம் இதுதான். தேவையானதைப் போதுமானது என்று எண்ணிக்கொள்கிறார். கடைசிப் பேருந்து ஆறு மணிக்கே போய்விடுகிற ஊரில், விடுதியிலும் இடம் கிடைக்காத பிள்ளை, கையில் உதவித்தொகையோடுதான் படிப்பை விடுகிறது.

நின்றவர்களின் கணக்கையும் பார்க்கலாம். டி மார்கன் விதிகளை மாணவர்கள் படித்திருப்பார்கள். அதை வகுத்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரியின் மகன். அவர் விதிப்படி நமது விடையைத் திருப்பிப் போட்டால்: உதவித்தொகை நேரத்துக்கு வராதவர், அல்லது பேருந்தும் விடுதியும் இரண்டுமே இல்லாதவர். இந்த ஊரில் படிப்பு நின்றதற்கு இவையே வழிகள். 'படிப்பு ஏறாது' என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே வரவில்லை.

உண்மையான ஊர்கள் இத்தனை ஒழுங்காக இருக்காது. சில வரிசையில் ஆளே இருக்க மாட்டார்கள். ஒரே வரிசையில் ஒருவர் முடித்திருப்பார், இன்னொருவர் நின்றிருப்பார். அப்போது அந்த இருவரின் வீட்டுக்கும் திரும்பப் போய், எதைக் கேட்கத் தவறினோம் என்று விசாரிக்க வேண்டும். 'ஏழையா, இல்லையா' என்று இரண்டாகப் பிரிக்க முடியாத நிலைமைகளும் உண்டு. அதற்கு லோட்ஃபி ஸாதே என்ற அறிஞர் 1965-இல் முன்வைத்த கணிதம் உதவுகிறது. ஒருவர் ஒரு கணத்தில் முழுதாக இருந்தால் 1, இல்லவே இல்லை என்றால் 0, ஓரளவு இருந்தால் 0.7 அல்லது 0.3 என்று இடையிலும் எண் கொடுக்கலாம்.

இந்த முறை நமக்கு ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவமே சான்று. 1972-இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்ஸ் அமைப்பு தன் பெயரையே அவர்களின் இயக்கத்திடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் பட்டது நமக்குப் புதிதல்ல.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது எம்மா டிகிராஃபன்ரீட் உட்பட ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964-க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாக வந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற விதியால் அவர்களே வேலை இழந்தார்கள். 1976-இல் நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்துத்தான் இருக்கிறது, ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை என்றது. இனப் பாகுபாட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்து ஒரு வழக்காக்க முடியாது என்றது. வேலையில் இருந்த அந்தப் பெண்கள் வெள்ளையர், அந்தக் கறுப்பினத்தார் ஆண்கள். இரண்டு கணமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நின்றவர்கள் நீதிமன்றத்தின் கண்ணில் படவில்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-இல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான் தன் கருத்தை முன்வைத்தார். தலித் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1994-இல் ஹெர்ன்ஸ்டீன், மர்ரி என்ற இருவர் எழுதிய 'தி பெல் கர்வ்' என்ற நூல் வந்தது. ஒருவர் வறுமையில் வீழ்வதைக் குடும்ப நிலையைவிட நுண்ணறிவே அதிகம் தீர்மானிக்கிறது என்றது. கறுப்பினத்தாருக்கான சிறப்பு வாய்ப்புத் திட்டங்களையும் எதிர்த்தது. நமக்குப் பழக்கமான 'தகுதி, திறமை' பேச்சுதான், அட்டவணைகளோடு வந்தது. 1979-இல் 14 முதல் 22 வயது வரையிலான 12,686 பேரை வைத்துத் தொடங்கிய தேசிய ஆய்வின் விவரங்களையே அது பெரிதும் நம்பியிருந்தது.

அதே ஆய்வின் விவரங்களை ரேகினும் பியர் ஃபிஸ் என்பவரும் எடுத்து, கணங்களாக வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் நூல் 2017-இல் வந்தது. வெள்ளையர் நடுவே பெற்றோர் வருமானம், படிப்பு, தேர்வு மதிப்பெண் போன்ற சாதகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே வருகின்றன. கறுப்பினத்தார் நடுவே பாதகங்கள் சேர்ந்து வருகின்றன. தேர்வு மதிப்பெண்ணைத் தனியே பிரித்து 'இதுதான் காரணம்' என்று காட்டுவது இந்தச் சேர்க்கையை மறைத்துவிடுகிறது. ஒருவருக்கு ஒரு கை நழுவினாலும் பிடித்துக்கொள்ள நான்கு கிளைகள் இருக்கின்றன. இன்னொருவருக்கு இருப்பது ஒரே கிளை.

இந்த முறையிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அட்டவணையில் எந்தக் கேள்விக்குக் கட்டம் போடுவது என்பதைக் கணிதம் தீர்மானிக்காது, ஆய்வாளர்தான் தீர்மானிக்கிறார். சாதிக்குக் கட்டம் போடாவிட்டால் சாதி அதில் தெரியாது. வகுப்பில் பிள்ளையை எங்கே உட்கார வைத்தார்கள், எந்த வேலையைச் செய்யச் சொன்னார்கள் என்று கேட்காவிட்டால், அந்த வலி எந்த விடையிலும் வராது. பட்டியல் சாதி என்று ஒரே கட்டம் போட்டு நிறுத்தினால், அதற்குள் இருக்கிற உட்கணங்கள் தெரியாது. அருந்ததியர் நிலையைத் தனியே பார்த்ததால்தான் தமிழ்நாட்டில் 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

ஆகவே கட்டம் போடும் வேலையை வெளியாட்களிடம் முழுதாக விட்டுவிட முடியாது. கல்லூரி மாணவர்கள் இந்த விடுமுறையில் தங்கள் தெருவில் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். கடந்த சில ஆண்டுகளில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைப் பட்டியலிடுங்கள். எதை எதைக் கேட்க வேண்டும் என்பதை முதலில் படிப்பை நிறுத்திய அக்காக்களிடமும் அண்ணன்களிடமும் உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்வதிலிருந்து நான்கு கேள்விகளை எடுத்தால் 16 வரிசைகள் வரும். பெயர்களை வெளியே சொல்ல வேண்டாம், எண் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துப் போங்கள். 'உதவித்தொகை வந்தும் நின்றவர்கள் இத்தனை பேர். அவர்களில் பேருந்தும் விடுதியும் இல்லாதவர்கள் இத்தனை பேர்' என்று படித்துக் காட்டுங்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு பேருந்து கேட்பதற்கு அதைவிட நல்ல மனு வேறில்லை.