தலை ஈரமா இருக்கா?

பி.காம். படித்தவனோடு சினிமாவுக்குப் போகாதீர்கள். 'வசூல் நூறு கோடி' என்று போஸ்டர் பார்த்தால், 'செலவு போகவா, சேர்த்தா?' என்று கேட்டு உயிரை எடுப்பான். எனக்கும் அந்த வியாதி உண்டு. யார் எந்த எண்ணைச் சொன்னாலும் மனசு 'வவுச்சர் எங்கே?' என்று தேடும்.

இந்த வியாதியைப் புரிந்துகொண்ட ஒரு மனிதரை ஐந்தருவியில் சந்தித்தேன். சீசன் சமயம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்குப் போன் போட்டதில், 'அஞ்சுலயும் தண்ணி கொட்டுது சார்!' என்றார்கள். நம்பிப் போனால் இரண்டில்தான் தண்ணீர். மூன்றாவதில் பாறைக்கு லேசாக வியர்த்திருந்தது, அவ்வளவுதான்! பக்கத்து டீக்கடைப் பெரியவர் சிரித்தார்.

"ரூம் வாடகைக்கு விடுதவன்ட்ட போயி தண்ணியக் கேட்டா வேற என்ன தம்பி சொல்லுவான்? குளிச்சிட்டு வாறவன் தலையப் பாருங்க. ஈரமா இருக்கா, காஞ்சு கெடக்கான்னு."

அப்போது பெஞ்சில் ஒருவர் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு தேசத்தில், ராணுவத் தாக்குதலில் இத்தனை தீவிரவாதிகள் பலி. பெரியவர் டீ ஆற்றுவதை நிறுத்தாமல், "எண்ணினது யாரு?" என்றார். பிறகு, "1987-ல யாழ்ப்பாணத்துல நம்ம பட்டாளம் சண்டை போட்டப்பவும் இப்படித்தான். டில்லி ரேடியோவுல ஒரு கணக்கு, தமிழோசையில வேற கணக்கு."

"நம்ம பட்டாளத்தையே நம்பலையா அண்ணாச்சி?"

"பட்டாளத்துப் பையன் மேல குறையில்ல தம்பி. கணக்கு எழுதினவன் மேலதான் சந்தேகம்."

ஊருக்குத் திரும்பியதும், நான் பிறப்பதற்கு முந்தைய அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன்.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். அமைதி காக்கும் படை போனது. மாலை போட்டு வரவேற்றது யாழ்ப்பாணம். அக்டோபர் 10-ல் அதே படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. சில நாளில் முடிந்துவிடும் என்று மேலிடத்தில் நினைத்தார்கள். ஆனால் 12-ம் தேதி யாழ் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறங்கிய 30 சீக்கிய வீரர்களில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். இரண்டரை வருடம் இழுத்த சண்டையில் நம் தரப்பில் மட்டும் 1,100-க்கும் மேற்பட்ட வீரர்கள் பலி. பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அதில் ஒருவர். அவர்கள் வீரத்தில் ஒரு பைசா சந்தேகமில்லை.

சந்தேகம் எதிர்ப்பக்கத்து எண்ணிக்கையில்தான். கணக்குப் பாடம் எளிது, ஸார். துவக்க இருப்பு, கூட்டு வரவு, கழி செலவு... வருவது இறுதி இருப்பு. புலிகள் அப்போது சில ஆயிரம் பேர் என்றார்கள். இத்தனை பேர் பலி என்று அறிக்கைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கட்டத்தில் நம் படை சுமார் 80,000 பேர். இறுதி இருப்பு பூஜ்யத்தை நெருங்கியிருக்க வேண்டாமா? 1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பல் கிளம்பியபோது, அந்தப் பகுதிகளைக் கையில் எடுத்துக்கொண்டது அதே புலிகள்தான்!

எங்கே இடித்தது? வரவை யாரும் எழுதவில்லை. குண்டு விழுந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பையன் கிளம்பினான். செலவிலும் கோளாறு. சாரம் கட்டிய வாலிபன் செத்துக் கிடந்தால் அவன் புலியா, பால் வாங்க வந்தவனா? சொல்ல வேண்டியவன், சுட்டவன். மேலிடமோ தினமும் 'எத்தனை?' என்று கேட்கும். இந்த இடத்தைப் பிடித்தோம் என்று படம் போட்டுக் காட்ட முடியாத சண்டையில், பிணம்தான் மார்க் ஷீட்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. வியட்நாமில் அமெரிக்க ராணுவம் சைகோன் நகரில் தினமும் மாலை ஐந்து மணிக்கு எண்ணிக்கை சொல்லும். நிருபர்கள் அதற்கு வைத்த பெயர், 'ஐந்து மணிக் கூத்து'. 1967 நவம்பரில் தளபதி வெஸ்ட்மோர்லண்ட், முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்றார். 1968 ஜனவரி கடைசியில், ஒழிந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் பாய்ந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் தலை ஈரத்தைப் பார்க்க வழி இருந்ததா? போர் தொடங்கிய அன்றே ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்கள் தகர்க்கப்பட்டன. அக்டோபர் 21-ல் படை யாழ் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. டாக்டர்கள், நர்ஸுகள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள், அதனால் மோதல் என்றது ராணுவத் தரப்பு. செத்த ஊழியர்களுக்குச் சக ஊழியர்கள் வருடா வருடம் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

துணிந்து தணிக்கை செய்தவர்களும் உண்டு. யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து 'முறிந்த பனை' எழுதினார்கள். இந்தியப் படை செய்தது, புலிகள் செய்தது, மற்ற இயக்கங்கள் செய்தது எல்லாமே ஒரே பேரேட்டில். அந்த நால்வரில் ஒருவரான டாக்டர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21-ல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகள்தான் என்பது அவருடைய சகாக்களின் குற்றச்சாட்டு. ஆடிட்டருக்கு இரண்டு பக்கமும் எதிரிதான்.

பொய்க் கணக்குக்கு வட்டி உண்டு. 1989 ஜூலையில் பிரபாகரன் செத்துவிட்டார் என்று நம்மூர்ப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அடுத்த வருடம் அவர் நிருபர்கள் முன்னால் வந்து உட்கார்ந்தார்! 2009 மே மாதம் இலங்கை ராணுவம் அதே சேதியைச் சொன்னது. முதலில் ஆம்புலன்ஸில் தப்பும்போது என்றார்கள். மறுநாள் நந்திக்கடல் ஓரம் என்று சொல்லி உடலைக் காட்டினார்கள். புலிகளின் பிரதிநிதி 'உயிரோடு இருக்கிறார்' என்றார், சில நாளில் மரணத்தை ஒப்புக்கொண்டார். 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ.நெடுமாறன் மறுபடி 'நலமாக இருக்கிறார்' என்றார். ஒரு தடவை பொய் கேட்ட காது, உண்மையையும் திருப்பி அனுப்பிவிடுகிறது.

எனவே நண்பர்களே, சந்தேகப்படுங்கள். ஆனால் பிடித்த பக்கத்தை விட்டுவிட்டுப் பிடிக்காத பக்கத்தை மட்டும் சந்தேகப்பட்டால் அது தணிக்கை இல்லை, கட்சி வேலை! பஸ்ஸில் தொங்கிக்கொண்டே செல்போனில் 'இத்தனை பேர் பலி' பார்க்கும்போது மூன்று கேள்வி போதும். எண்ணியது யார்? செத்தவர்களுக்குப் பெயர் உண்டா? வேறு யாராவது போய்ப் பார்க்க விட்டார்களா?

அந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. 2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சியில் சில தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்தார்கள். கையில் மகன் போட்டோ. போர் முடிவில் ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்பது அவர்கள் கேள்வி. எந்தத் தரப்பு எத்தனை பேரைக் கொன்றது என்ற மொத்தக் கூட்டல் அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் கேட்டது, பெயர் போட்ட ஒரு பட்டியல்.