நாகலாபுரத்தில் லாடம் கழற்றிய குதிரை

நாகலாபுரம் என்றால் நம்மவர்களுக்கு வேதநாராயண சுவாமி கோயில்தான் நினைவுக்கு வரும். மார்ச் மாதத்தில் மூன்று நாள் மாலை வெயில் கோபுர வாசல் வழியே நுழைந்து, முதல் நாள் சுவாமியின் பாதத்திலும், மறுநாள் நாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் விழும். சூரிய பூஜை என்று சென்னையிலிருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள். போன வருடம் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். சுவாமி பாதத்தைப் பார்த்ததோடு ஒரு குதிரையின் பாதத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் வெள்ளைக் குதிரை ஒன்று நின்றிருந்தது. அதன் முன்னங்காலை மடக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஒருவர் பெரிய அரத்தால் குளம்பை ராவிக்கொண்டிருந்தார்.

"லாடம் அடிக்கிறீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"லாடத்தை விட்டு ஒரு வருஷம் ஆச்சு தம்பி" என்றார், தலை நிமிராமலே.

அவர் திருவள்ளூர் பக்கத்துக்காரர். நாகலாபுரத்தில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். குதிரையின் பெயரைப் போடலாமாம்: ராணி. பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, சத்தியவேடு வரை மாப்பிள்ளை அழைப்புக்கும் சாமி ஊர்வலத்துக்கும் ராணி வாடகைக்குப் போகும். வீட்டில் நான்கு பேருக்கும் அதுதான் சோறு.

ஒரு நூல் தவறியது

ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில் ரயில் நிலையத்துக்கு ஒரு லாடக்காரராவது இருந்தார். என் தாத்தாவே அரக்கோணத்தில் ஜட்கா ஓட்டியவர்தான். ஜட்கா போயிற்று, லாடக்காரரும் போனார். இப்போது அங்கங்கே மிஞ்சியிருப்பவர்கள் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்கள். மாட்டுக் குளம்பு பிளந்தது; ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். குதிரைக்கோ ஒற்றைக் குளம்பு. லாடமும் பிறை போல ஒன்றே. இரண்டும் வேறு வேறு கைவேலை. குதிரைக்குக் குர்ரம், ஆனைக்கு அர்ரம் என்று அரைகுறைத் தெலுங்கைக் கேலி செய்வோமே, அதுவே இங்கும் நடந்தது. முந்தின வருடம் தை மாதம், அவசரத்துக்கு மாட்டு லாடக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார். ஓர் ஆணி ஒரு நூல் உள்ளே தள்ளி இறங்கிவிட்டது.

மூன்றாம் நாள் ராணி காலை ஊன்றவில்லை. குளம்பில் கை வைத்தால் கொதித்தது. முகூர்த்த மாதம். ஐந்து கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து லாடத்தைப் பிடுங்கி, ஆணித் துளையைக் கீறிச் சீழை வெளியேற்றி, மருந்து வைத்துக் கட்டி, டெட்டனஸ் ஊசியும் போட்டார். ஐந்து அட்வான்ஸையும் திருப்பிக் கொடுக்க மனைவியின் வளையல் அடகுக்குப் போயிற்று. நொண்டிக் குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய், வந்த விலைக்குத் தள்ளிவிடு என்று தரகர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாராம்.

"கோபத்துல மத்த மூணு லாடத்தையும் கழட்டி எறிஞ்சுட்டேன். அப்புறம்தான் தம்பி, இதுக்குன்னே ஒரு முறை இருக்குன்னு தெரிஞ்சுது."

சொல்லிக்கொடுத்தவர் கிண்டி ரேஸ் கோர்ஸில் முன்பு குதிரைக்காரராக இருந்த உறவினர்.

நகத்தின் மேல் நிற்கும் பிராணி

குதிரையின் ஒவ்வொரு காலும் ஒற்றை விரல். நமக்கு நடுவிரல் எதுவோ அதுதான் அதற்குக் கால். அந்த விரலின் நகம்தான் குளம்பு. நம் நகத்தில் உள்ள அதே கெராட்டின் பொருள்தான் அதிலும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. மேலே மயிர் முடிகிற இடத்தில் இன்று முளைக்கும் நகம், முன்நுனியில் தரையைத் தொட ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். திறந்த வெளியில் ஓடித் திரியும் குதிரைக்கு வளர்ச்சியும் தேய்மானமும் சரிக்குச் சரி. கட்டிப் போட்ட குதிரைக்குத் தேய்மானம் குறைவு. லாடம் அடித்த குதிரைக்கோ குளம்பு தரையில் படாததால் தேயவே தேயாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவி, மறுபடி அடித்தாக வேண்டும். லாடக்காரர் இல்லாத ஊரில் இதை யார் செய்வது?

அவர் குளம்பைத் திருப்பிக் காட்டினார். குதிகால் பக்கமிருந்து நடு வரை ரப்பர் போல முக்கோணமாக ஒரு பாகம் இருக்கிறது. இங்கிலீஷ்காரர்கள் இதைத் தவளை என்கிறார்கள். கால் தரையில் பதியும்போது அதிர்ச்சியைத் தாங்குவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நேரத்தில் குதிகால் பக்கம் சற்றே விரிந்து கொடுக்கும்; குளம்புக்குள் இருக்கும் ரத்தம் மேலே ஏறவும் அது உதவும். இரும்பு வளையத்தை ஆணியடித்துப் பூட்டினால் இந்த விரிவு குறைகிறது. லாடம் வேண்டாம் என்பவர்களின் முக்கிய வாதம் இதுதான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்புப் பற்றி எழுதிய கிரேக்க வீரர் செனபோன், லாயத்துக்கு வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கல்லைக் கொட்டிக் குதிரையை அதன் மேல் நிற்க வைக்கச் சொன்னார். குளம்பு இறுகுமாம். நம் காலத்தில் இதைப் பெரிய இயக்கமாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜெய்மி ஜாக்சன். அவரே முன்பு லாடம் அடித்தவர். 1982 முதல் 1986 வரை மேற்கு அமெரிக்காவின் வறண்ட பிரதேசத்தில் காட்டுக் குதிரைகளின் குளம்புகளை ஆராய்ந்து, 1992-ல் புத்தகம் எழுதினார். கல்லிலும் கட்டாந்தரையிலும் திரிந்த அந்தக் குதிரைகளின் குளம்பு கட்டையாக, விளிம்பு உருண்டு இருந்தது. அந்த உருவத்தை அரத்தால் கொண்டுவருவதுதான் இந்த முறை.

வாலுக்கும் விலை

நம் பக்கத்துச் சரித்திரத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லை. குதிரை பார்க்கத் தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரேபியாவிலிருந்து கப்பல் கப்பலாக இறங்கும் குதிரைகள் வருடம் முடிவதற்குள் பெரும்பாலும் செத்துவிடுகின்றன, பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்று எழுதினார். அப்படித் தெரிந்தவர்கள் இங்கே வர வியாபாரிகள் விடுவதில்லை என்றும் சொல்கிறார். செத்தால்தானே அடுத்த வியாபாரம்!

விஜயநகரத்துக் கதை இன்னும் வேடிக்கை. நம் சந்திரகிரியிலிருந்து எழுந்து 1485-ல் அரியணை ஏறிய சாளுவ நரசிம்மர், கடலில் செத்துப்போன குதிரைக்கும் பணம் கொடுத்தாராம்; வாலைக் கொண்டுவந்து காட்டினால் போதுமாம். போர்ச்சுகீசிய வியாபாரி நூனிஸ் எழுதி வைத்த சேதி இது. வருடத்துக்கு 13,000 குதிரைகளை அரசர் வாங்கியதாகவும் அவர் குறிப்பு இருக்கிறது. தன் தாய் நாகலாம்பா பெயரில் இந்த நாகலாபுரத்தை அமைத்த கிருஷ்ணதேவராயரின் படைக்கும் ஓர்மஸ் குதிரைகள்தான். அந்த ஊரில் இன்று ஒரு குதிரைக்கு ஆணி அடிக்க ஆள் இல்லை.

எப்படிச் செய்கிறார்?

ஐந்து வாரத்துக்கு ஒருமுறை அரத்தை எடுக்கிறார். முதலில் குளம்பில் ஒட்டிய சாணம், கல்லைச் சுரண்டி எடுக்கிறார். வெளி ஓட்டில் நீண்டதை மட்டும் ராவி, விளிம்பை உருட்டுகிறார். அடிப்பாதத்தைத் தொடுவதில்லை. அங்கே கத்தி வைத்து மெலிதாக்கினால் ஒவ்வொரு கல்லும் குத்தும். தவளைப் பாகத்தில் தொங்கும் கிழிசலைத்தான் வெட்டுகிறார். சிறுநீரும் சாணமும் கலந்த ஈரத்தில் குதிரை நின்றால் அந்த இடம் அழுகி நாற்றமெடுக்கும் என்று, லாயத்தில் தினமும் காய்ந்த மணல் பரப்புகிறார்.

தீனியையும் மாற்றிவிட்டார். முன்பு ஊர்வலம் முடிந்ததும் சர்க்கரைப் பொங்கல், வாழைப்பழம், வெல்லம் என்று பக்தர்கள் ஊட்டுவார்கள். இனிப்பும் தானியமும் மிஞ்சினால் குளம்புக்குள் அழற்சி வந்து குதிரை நிரந்தரமாக நொண்டிவிடும். இப்போது புல்தான் பிரதானம், கொள்ளு அளவோடு.

லாடத்தைக் கழற்றிய மறுநாளே குதிரை ஓடிவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ராணி முதல் மூன்று மாதம் சரளைக் கல்லைக் கண்டால் நின்றுவிடும். ஏரிக்கரை மண்ணில் காலையும் மாலையும் நடத்தியே பழக்கியிருக்கிறார். முழுதாகத் தேற எட்டு மாதம். அதுவரை வருமானம் இல்லை. செங்கல் சூளையில் கூலிக்குப் போயிருக்கிறார். எல்லாக் குதிரைக்கும் இது ஒத்துவரும் என்றும் சொல்ல முடியாது. நாள் முழுதும் தார் ரோட்டில் வண்டி இழுக்கும் குதிரைக்கு வளர்வதைவிடத் தேய்வது அதிகமானால் லாடமோ ரப்பர் காலணியோ வேண்டும். குளம்பு சூடாக இருந்தாலும், குதிரை நொண்டினாலும் அரத்தைத் தொடாமல் டாக்டரிடம் போக வேண்டும். திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ராணியைத் தூர ஊர்களுக்கு நடத்திக் கூட்டிப் போவதில்லை. குட்டி யானை என்கிறார்களே, அந்த டாடா ஏஸ் வண்டியில் ஏற்றிப் போகிறார். குதிரை குட்டி யானையில் போவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் கூடிவிடுகிறார்களாம்.

"இப்ப எல்லாம் சரிதானே அண்ணே?" என்று கேட்டேன்.

"காலு சரி. வளையலையும் மீட்டாச்சு. ஆனா பிச்சாட்டூர்ல ஒரு கல்யாணத்துல, குதிரை நடந்தா டக் டக்குன்னு சத்தம் வரலையேன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஐந்நூறு ரூபாயைப் பிடிச்சுக்கிட்டாங்க."

அன்றிலிருந்து ராணியின் நான்கு காலிலும் சலங்கை கட்டுகிறார். நான் கிளம்பும்போது அதைத்தான் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார்.