உங்களுக்குத் தெரியுமா? தண்டவாளத்துக்குள் ஒரு அனிமே புதிர்

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட ‘அசாசினேஷன் கிளாஸ்ரூம்’ ஜப்பானிய அனிமேயின் இரண்டாம் பருவத்தில், இறுதித் தேர்வுக்கு ஒரு வடிவியல் கணக்கு வருகிறது.

■ புதிர்: பக்க நீளம் a கொண்ட கனசதுரங்கள் எல்லாத் திசையிலும் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் 8 முனைகளிலும் நடுவிலும் ஓர் அணு. மற்ற அணுக்களைவிட ஒரு நடு அணுவுக்கே நெருக்கமாக இருக்கும் பகுதியின் கனஅளவு என்ன?

■ விடை: நீண்ட கணக்கே வேண்டாம். ஒரு முனை அணுவை 8 கனசதுரங்கள் பங்கிடுவதால், 8 முனைகளும் சேர்ந்து ஒரு கனசதுரத்துக்குத் தருவது ஓர் அணுதான். நடு அணுவையும் கூட்டினால் இரண்டு. எல்லா அணுக்களின் சூழலும் ஒன்றே என்பதால் இடமும் சரிபாதி: a³/2. கதையில் அசானோ என்ற மாணவன் நேரம் போதாமல் தவிக்க, கார்மா என்ற மாணவன் இப்படித்தான் விடை காண்கிறான்.

■ வடிவம்: அந்தப் பகுதிக்கு 14 முகங்கள்: 6 சதுரம், 8 அறுகோணம். இடைவெளியின்றி வெளியை நிரப்பும் இவ்வடிவத்தை அடிப்படையாக வைத்தே, 1887இல் கெல்வின் பிரபு நுரையின் அமைப்பை ஆராய்ந்தார்.

■ சிகாமட்டில்: அறை வெப்பநிலையில் இரும்பின் அணுக்கள் இப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கும்; கனசதுரத்தின் பக்கம் சுமார் 0.287 நானோமீட்டர். கிம்மாசிலிருந்து சிகாமட் வழியாக ஜொகூர் பாரு செல்லும் தண்டவாளத்தின் எஃகிலும் பெரும்பங்கு இந்த அமைப்பே. படிவம் 5 மாணவர்களே, சூத்திரத்தைத் தேடுமுன் சமச்சீரைத் தேடுங்கள்!