மோட்டார் காரின் பின்னே சைக்கிள்கள்: தாங்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை

மாட்டு வண்டியில் மூட்டைகளைப் பின்புறமாக அடுக்கினால் நுகத்தடி மேலெழும்பும். முன்புறமாக அடுக்கினால் அது மாடுகளின் கழுத்தை அழுத்தும். முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர் கூறும் இத்தத்துவமே, மோட்டார் காரின் பின்னே சைக்கிள்களை ஏற்றிச் செல்வதற்கும் பொருந்துவதாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடும்பத்தினர் தத்தம் சைக்கிள்களுடன் காரில் வெளியூர் செல்வது வழக்கம். டிரெய்லரை இழுப்பதற்கெனக் காரின் அடிச்சட்டத்தில் பொருத்தப்படும் ‘ஹிட்ச்’ என்னும் எஃகு இணைப்பில், சதுரக் குழாய் ஒன்று பின்னோக்கி அமைந்திருக்கும். சைக்கிள் தாங்கியின் தண்டு அதனுள் செருகப்பட்டு, குறுக்கே ஓர் எஃகு முளையால் பூட்டப்படுகிறது. இம்முறையில் சைக்கிளைக் கூரைமேல் தூக்க வேண்டுவதில்லை. காற்றின் தடையும் குறைவு. ஐரோப்பாவிலோ, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள இழுவைக் குண்டைத் தாங்கி கவ்விக்கொள்ளும் முறையே பெரிதும் வழங்குகிறது.

சதுரக் குழாய்கள் பெரும்பாலும் 1¼ அங்குலம், 2 அங்குலம் என இரு அளவுகளில் உள்ளன. சிறிய குழாய் பொதுவாக இரண்டு சைக்கிள்களுக்கே ஏற்றது. நான்கிற்குப் பெரியதே வேண்டும். இடையில் மாற்றுத் துண்டு ஒன்றைச் செருகிப் பெரிய தாங்கியைப் பொருத்துவோர், பாரம் இன்னும் பின்னே தள்ளப்படுவதை மறத்தலாகாது.

அடுத்துக் கவனிக்கத்தக்கது எடை. சாதாரண சைக்கிள் ஒன்று 15 கிலோகிராம் எனக் கொண்டால் நான்கும் 60, தாங்கி 20, ஆக 80 கிலோகிராம். மின்சார சைக்கிள் ஒன்று 25 கிலோகிராமாயின் நான்கும் 100, அதற்கேற்ற தாங்கி 30, மொத்தம் 130. சிறிய ஹிட்ச் பலவற்றின் செங்குத்துப் பார எல்லை 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 91 கிலோகிராமே. ஹிட்ச், கார், தாங்கி ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே எல்லைகள் உண்டு. அவற்றுள் மிகக் குறைந்ததே உண்மையான எல்லையாகும்.

இனி நெம்புகோல் கணக்கைக் காண்போம். முன், பின் அச்சுகளுக்கு இடையே 250 சென்டிமீட்டர் தூரமும், பின் அச்சிலிருந்து பாரத்தின் மையத்திற்கு 150 சென்டிமீட்டர் தூரமும் இருப்பதாகக் கொள்வோம். 80 கிலோகிராம் பாரம் ஏற்றியவுடன் முன் அச்சின்மீது 80×150÷250, அதாவது 48 கிலோகிராம் குறைகிறது. பின் அச்சின்மீது 128 கிலோகிராம் கூடுகிறது. முன் சக்கரங்களின் பிடிப்புக் குறைவதால் திருப்புதலும் தடையிடுதலும் பாதிக்கப்படலாம். மேடுபள்ளங்களில் வண்டி குலுங்கும்போது கணநேர விசை நிலையான எடையினும் பன்மடங்காகும். கரடுமுரடான பாதைகளுக்குத் தாங்கி செய்வோர் பலர் குறைந்த எல்லையை விதிப்பதன் காரணம் இதுவே.

தாங்கிகள் இருவகைப்படும். தொங்கு வகையில் சைக்கிளின் மேற்சட்டம் இரு கரங்களின்மேல் தொங்கும். இவ்வகை இலேசானது, விலையும் குறைந்தது. ஆயினும் சைக்கிள்கள் ஒன்றோடொன்று உராயும். மேற்சட்டம் இல்லாத பெண்கள் சைக்கிளுக்குத் தனிக் குறுக்குக் கம்பி தேவை. மேடை வகையில் சக்கரங்கள் தட்டுகளின்மேல் நிற்கும். கனமான சைக்கிள்களுக்கும், சட்டத்தை இறுக்கிப் பிடித்தால் பழுதுறக்கூடிய கார்பன் இழைச் சைக்கிள்களுக்கும் இதுவே தக்கது. பிந்தியவற்றை டயரின்மீது கவ்வும் கரத்தால் பிடித்தல் வேண்டும்.

புறப்படுமுன் முளையும் அதன் பூட்டும் சரியாக உள்ளனவா, வார்கள் இறுகியுள்ளனவா, எண் பலகையும் பின்விளக்குகளும் மறையாதுள்ளனவா எனச் சோதித்தல் இன்றியமையாதது. புகைபோக்கிக்கு நேரே டயர் அமைந்தால் வெப்பத்தால் கெடும். சிறிது தூரம் சென்றபின் வண்டியை நிறுத்தி, வார்களை மீண்டும் இறுக்குதல் நலம். நெடுஞ்சாலையில் கழன்று விழும் சைக்கிள், பின்வரும் வண்டியிலுள்ளோரின் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஒரு கிலோகிராம் எடையுள்ள பையை மாணவன் முதலில் மார்பருகே பிடிக்கட்டும். பின்னர்க் கையை முழுதும் நீட்டிப் பிடிக்கட்டும். எடை மாறவில்லை, தூரமே மாறியது என்பதை அவன் தோளே அவனுக்கு உணர்த்தும்.